உட்காரட்டும் – கடிதம்

வணக்கம் அக்கா,

விளக்குத்தூண் பக்கம் எங்கள் ஜவுளிக்கடை. தாத்தா தொடங்கியது. இப்போது மூன்று மாடி, ஐம்பது பேர் வேலை பார்க்கிறார்கள். உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கமிருந்து ப்ளஸ் டூ, பி.காம். முடித்த பிள்ளைகள் சேல்ஸுக்கு வருகிறார்கள். இரண்டே மாதம்தான், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். தாத்தா காலத்து ஆட்கள் இருபது வருடம் இருந்தார்கள். இந்தத் தலைமுறையை எப்படித் தக்கவைப்பது? போனை வாங்கி வைக்கலாமா, விட்டுவிடலாமா? மாதம் ஒருமுறை வெளியாளை அழைத்து ஊக்கப் பேச்சு வைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். வைஃபை கொடுத்தால் இருப்பார்கள் என்கிறார் இன்னொருவர். சிசிடிவியில் பார்த்தால் பாதி நேரம் ரேக்கில் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். ரேக்கில் சாய்கிறார்கள் என்று குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். கால் வலிக்கிறது, தம்பி. சாய்வதற்கு உங்கள் கடையில் ரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் நின்று நின்றே நின்றுவிடுகிறார்கள்.

ஊக்கப் பேச்சை விடுங்கள். அதையும் நிற்க வைத்துத்தான் கேட்க வைப்பீர்கள். வைஃபை அவர்கள் கையிலேயே இருக்கிறது. சம்பளத்தை நீங்கள் சொல்லவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கடையைவிடக் குறைவென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

தாத்தா காலத்து ஆட்களைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அவர்கள் எப்படி வேலை பார்த்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைதான் கடையே. விற்பவர் சம்மணம் போட்டிருப்பார், வாங்க வந்தவரும் எதிரே உட்காருவார். சேலை மடியிலிருந்து மடிக்குப் போகும். பட்டு எடுக்கப் போனால் சில கடைகளில் இன்றும் அந்த மேடை உண்டு. கண்ணாடி ஷோகேஸும் உயரமான கவுண்ட்டரும் வந்தபோது வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல் போட்டோம், விற்பவரின் மெத்தையைச் சுருட்டிவிட்டோம். ஆக, நிற்பது பரம்பரை ஒழுக்கம் ஒன்றும் இல்லை. நடுவில் வந்த பழக்கம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. 2021இல் அதைத் திருத்தி 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். ‘எல்லா’ என்பதை அடிக்கோடிடுங்கள்; மாடிக்கு ஒன்று என்று அதில் இல்லை. கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகப் பெண்களைத் திரட்டி, முதலில் கேட்டது கழிப்பறை, அப்புறம்தான் இருக்கை. ஆலைகளுக்கோ 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே இது வந்துவிட்டது.

‘நாற்காலி போட்டேன், உட்கார மாட்டேன் என்கிறார்கள்’ என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. அவர்கள் போட்டது வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் இருக்கை தரையிலிருந்து 16, 17 அங்குலம். உங்கள் கவுண்ட்டரை டேப் பிடித்து அளந்தால் 36 முதல் 40 அங்குலம் வரும். உட்கார்ந்தால் பிள்ளையின் தலைதான் வெளியே தெரியும். ஒவ்வொரு ஆள் வரும்போதும் பள்ளத்திலிருந்து எழுவதுபோல எழ வேண்டும். நாலு தடவை எழுந்தபின் யாரும் உட்காரமாட்டார்கள். நாற்காலி குடோனுக்குப் போகும், அதன்மேல் அட்டைப் பெட்டி ஏறும்.

வேண்டியது உயரமான ஸ்டூல். கவுண்ட்டர் மேற்பலகைக்கு 10, 12 அங்குலம் கீழே இருக்கை வர வேண்டும். கவுண்ட்டர் 38 என்றால் ஸ்டூல் 26 முதல் 28. இருக்கைக்கு 15, 16 அங்குலம் கீழே கால் வைக்க ஒரு வளையம் கட்டாயம். அது இல்லாவிட்டால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும், நிற்பதே மேல் என்றாகிவிடும். கிரானைட் தரையில் சக்கரம் வைத்தது வேண்டாம், எழும்போது பின்னால் ஓடும். நாலு காலுக்கும் ரப்பர் புஷ் போடுங்கள்.

ரேக்குக்கும் கவுண்ட்டருக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கிறதென்றால் ஸ்டூல் வழியை அடைக்கும். அங்கே மடிப்பு இருக்கை: 12க்கு 14 அங்குலம், முக்கால் அங்குல பிளைவுட், எழுந்ததும் தானே மேலே மடிகிற ஸ்பிரிங் கீல். சுவரில் அல்லது இரும்பு ஆங்கிளில் பிடிக்கச் சொல்லுங்கள். ஷோகேஸின் பார்ட்டிக்கிள் போர்டில், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில், ஸ்க்ரூ போட்டால் சீக்கிரமே பிடுங்கிக்கொண்டு வரும், பிள்ளை விழுவாள், பழி அவள் எடைமேல் வரும்.

நிற்கிற நேரத்துக்கு அரை அங்குல ரப்பர் விரிப்பு போடலாம். ஓரம் சரிவாக இல்லாவிட்டால் கால் தடுக்கும். ஆனால் விரிப்பு இருக்கைக்கு மாற்றில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடும், ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் செருப்பு வார் பதிந்து கிடப்பது அதனால்தான். வருடக்கணக்கில் போனால் காலின் ரத்தக்குழாய் சுருண்டு புடைக்கவும் செய்யும்.

ஸ்டூல் வந்தாலும் சூப்பர்வைசரின் கண் மாறாவிட்டால் பயனில்லை. ஆள் வந்தால் எழு, இல்லாதபோது கேட்காமல் உட்கார் – இதைக் காலை மீட்டிங்கில் நீங்களே சொல்லுங்கள், அவரை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். வீட்டிலிருந்து கேமராவில் பார்த்து, ‘சுடிதார் செக்‌ஷன்ல யாரு உக்காந்திருக்கா’ என்று போன் போடுகிற வழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். நிறுத்துங்கள்.

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக் கூட்டத்திலும் உட்கார வாய்ப்பே வராது என்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஐந்து பேருக்கு மணிக்குப் பத்து நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். அதாவது ஐந்து பேருக்கு மாற்றாள் ஒருவர் கூடுதலாக வேண்டும், அந்தக் கூட்ட நாட்களுக்கு மட்டும். சட்டப்படி நாலு மணி நேர வேலைக்குமேல் போகுமுன் ஒரு மணி நேர ஓய்வு தனி, இதில் சேராது.

கழிப்பறை எத்தனையாவது மாடியில்? அனுமதி கேட்டுத்தான் போக வேண்டுமா? அப்படியென்றால் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்க்கடுப்பில் லீவு எடுத்தால் ‘பொறுப்பில்லை’ என்று எழுதுவீர்கள். தாழ்ப்பாள், தண்ணீர், மூடி போட்ட குப்பைக்கூடை – மூன்றும் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு பெண்ணை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். சைலன்ட்டில் அவர்களிடமே இருக்கட்டும். இருட்டியபின் பஸ் ஏறும் பிள்ளையை வீட்டில் தேடுவார்கள்.

ஸ்டூலுக்கு ஆர்டர் கொடுக்குமுன் கவுண்ட்டரின் உள்பக்கத்தைப் பாருங்கள். டிராயரும் அடுக்கும் தரைவரை இருந்தால் முழங்கால் இடிக்கும், பிள்ளை பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். இருக்கை வரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டடி அகலத்துக்கு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். அங்கிருக்கும் துணிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா