ஓடிடி சந்தாக்களை அறவே நிறுத்திய கணினி ஆர்வலர் யாரேனும் உண்டா? அதன் பின் உங்கள் தொழில்நுட்பப் பழக்கங்கள் எப்படி மாறின?

என் கணக்கிலிருந்து எந்த ஓடிடி தளத்துக்கும் பணம் போகாமல் இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. கணினிப் பைத்தியம் பிடித்தவன் என்பதால் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கைக்காகவே இதைச் செய்திருப்பேன் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது ஒரு குறுஞ்செய்திதான்.

கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் தொகையைப் பற்றி வாடிக்கையாளருக்கு 24 மணி நேரம் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படி ஒரு செய்தி ஒரு நாள் காலையில் வந்தபோது, அது எந்தச் சேவைக்கான பணம் என்பதே எனக்கு விளங்கவில்லை. நிறுவனத்தின் பெயரும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. பழைய செய்திகளைத் தோண்டிப் பார்த்தபோது நான்கு சந்தாக்கள் ஓடிக்கொண்டிருப்பதும், முந்தைய ஒரு மாதத்தில் நான்கிலும் சேர்த்து நான் பார்த்தவை இரண்டே படங்கள் என்பதும், அவற்றிலும் ஒன்றைப் பாதியில் விட்டிருந்தேன் என்பதும் தெரியவந்தன. பணம் போனதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று படங்களின் முகப்பு அட்டைகளைத் தள்ளிக்கொண்டே பத்தேகால் ஆக்கிவிட்டு, ஏற்கெனவே பார்த்த ஏதோ ஒரு நகைச்சுவைக் காட்சியோடு தூங்கப் போவது என் வழக்கமாகியிருந்தது.

ஆர்வலன் என்ற வகையில் எனக்கிருந்த மனக்குறை தனி. என் மேசைக்கணினியில் பல ஆண்டுகளாக டெபியன் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம்தான். உயர்ந்த தெளிவில் காட்டுவதாகச் சொன்ன திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தும், ஒரு தளம் என் உலாவியில் 480 வரித் தெளிவுக்கு மேல் படத்தைக் காட்ட மறுத்தது. இணைய வேகத்தில் கோளாறு இல்லை. திரைப்படங்களைப் பூட்டி அனுப்பப் பயன்படும் வைட்வைன் என்ற முறையில் படிநிலைகள் உள்ளன. பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் கருவியின் பாதுகாக்கப்பட்ட வன்பொருள் பகுதிக்குள்ளேயே நடந்தால் அது எல்1, வெறும் மென்பொருளில் நடந்தால் எல்3. லினக்ஸ் மேசைக்கணினிகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது எல்3 மட்டுமே என்பதால், பல தளங்கள் அங்கே தெளிவைக் குறைத்துவிடுகின்றன. முழுப் பயணச்சீட்டு வாங்கியவனைப் படிக்கட்டில் நிற்கவைப்பதுபோல் இருந்தது.

நிறுத்தியவுடன் நான் புதிதாக எதையும் வாங்கவில்லை. திரை உடைந்து பரணில் கிடந்த ஒரு மடிக்கணினியை எடுத்து, அதில் ஜெல்லிஃபின் நிறுவினேன். நம்மிடம் உள்ள படங்களையும் இசையையும் வீட்டுக்குள் உள்ள எந்தத் திரைக்கும் அனுப்பித்தரும் வழங்கி மென்பொருள் அது. எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதன் கட்டற்ற பதிப்பிலிருந்து 2018 டிசம்பரில் ஜெல்லிஃபின் கிளைத்தது. மின் கட்டணம் எகிறுமோ என்று அஞ்சி மின்மானி வைத்து அளந்தேன்: சும்மா இருக்கும்போது 12 வாட். நாள் முழுவதும் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்பது யூனிட்டுக்குள்தான்.

வழங்கி தயாரான பிறகுதான், அதற்குள் போட என்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. அப்பாவின் அலமாரியில் அறுபது எழுபது இசைக் குறுவட்டுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிய அந்த இரண்டு மாதங்கள், சந்தாக்கள் எனக்குத் தந்த எந்த மாலைப்பொழுதையும்விட நன்றாக இருந்தன என்று தயங்காமல் சொல்வேன். தஞ்சாவூரில் அப்பா 2004-இல் வாங்கிய ஒரு நாகஸ்வரக் குறுவட்டில், ஏழாவது தடத்தில் தோடி ஆலாபனை. சரியாக அந்த இடத்தில்தான் கீறல். சிடிபாரனோயா என்ற பழைய நிரல், ஒரே பகுதியைப் பல முறை படித்து ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டுமே எழுதிக்கொள்ளும். வேலை நடக்கும்போது கட்டளைத் திரையில் ஒரு சின்ன முகக்குறியும் தெரியும்: எல்லாம் நலமென்றால் சிரித்த முகம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறினால் விழி பிதுங்கிய முகம். அந்தத் தடத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் விழி பிதுங்கியே இருந்தது. பிறகு வட்டை வெளியே எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுவட்டின் பிழைதிருத்த முறை, தடத்தின் போக்கில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வரை தொடர்ச்சியாகத் தரவு அழிந்தாலும் மீட்டுக்கொள்ளும். ஆனால் வட்டமாகத் துடைக்கும்போது புதிதாக விழும் கீறல் தடத்தை ஒட்டியே ஓடி அந்த எல்லையைத் தாண்டிவிடும், குறுக்கே விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியை மட்டுமே கெடுக்கும். இரண்டாம் முறை ஆறு நிமிடத்தில் முடிந்தது. அந்த வட்டின் விவரம் பயனர்களே இசைவட்டு விவரங்களைச் சேர்க்கும் மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளத்தில் இல்லாததால், உறையைப் பார்த்துத் தமிழிலேயே தட்டச்சு செய்து சேர்த்தேன்.

எல்லாவற்றையும் ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவில் வைத்திருக்கிறேன். குறுவட்டு ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம், வலம் என இரண்டு ஒலிவழிகள் என்ற கணக்கில் மணிக்கு 635 மெகாபைட் வரும், ஃபிளாக் ஒரு துளியும் இழக்காமல் அதை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்குகிறது. தவில் நிறைந்த வட்டுகள் மட்டும் அவ்வளவு சுருங்க மறுக்கின்றன.

திரைப்பட டிவிடிகளை இப்படிக் கணினியில் ஏற்ற நான் துணியவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை வைக்கிறது. சொந்த வட்டைச் சொந்தமாகப் பார்ப்பது அதில் அடங்காது என்று வாதிடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை என் வீட்டிலிருந்து தொடங்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே டிவிடிகளை இயக்கியில் போட்டே பார்க்கிறேன். டொரண்ட் பக்கம் போவதில்லை. சந்தாவை நிறுத்திவிட்டுத் திருட்டுப் பதிப்பைப் பார்ப்பவர் எதையும் கைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்தான் என்பதால், திரைப்படம் என்ற வகையில் 1950களின் படங்கள் அனைத்தும் அந்த வரம்பைக் கடந்துவிட்டன. அம்மாவுக்கு வேண்டியவை பெரும்பாலும் அவைதான்.

பழக்கம் என்று கேட்டால், உண்மையான மாற்றம் தேர்வு செய்யும் நேரத்தில்தான் நிகழ்ந்திருக்கிறது. எதைப் பார்ப்பது என்பதை இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. பேருந்தில் போகும்போதோ யாராவது ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும்போதோ ஓர் எளிய உரைக்கோப்பில் ஒரு வரி எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை அதன் முதல் வரியில் இருப்பதைப் பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுத் தூங்குவேன், இரண்டாவது வரிக்குப் போவதில்லை. இதே முறையைக் கைப்பேசிக்கும் நீட்டித்தேன். யூடியூப் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிய வெளியீடுகளை வேறொரு செயலியில் பின்தொடர உதவும் பட்டியல், தருவது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு வேண்டிய பதினெட்டு அலைவரிசைகளை ஓர் ஓடைப் படிப்பானில் சேர்த்துவிட்டு, யூடியூப் செயலியை நீக்கிவிட்டேன். புதிய காணொளி வந்தால் தலைப்பு மட்டும் வருகிறது, பக்கத்தில் வேறொன்றைப் பரிந்துரைக்க அங்கே யாரும் இல்லை. வலையொலிகளுக்கு (பாட்காஸ்ட்) ஆன்டெனாபாட் செயலி.

இழப்புகளையும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் போய்விட்டது, இறுதிப் போட்டி என்றால் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன், அவன் மனைவி செய்யும் வாழைக்காய் பஜ்ஜிக்காகவும்தான். புதிய படம் வெளியான வாரத்தில் அலுவலக உரையாடலில் எனக்கு இடமில்லை. சேமிப்பும் பெரிதாக இல்லை: இரண்டு வன்தட்டுகள் வாங்கிய செலவு, முதல் ஆண்டில் மிச்சமான பணத்தை விழுங்கிவிட்டது. இரண்டாவது தட்டைக் காப்புநகலுக்காக அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். முதல் தட்டில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை சுழியத்திலிருந்து எட்டுக்கு ஏறிய நாளில்தான் அதன் அருமை தெரிந்தது.

வீட்டாரை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்பதே இதில் கடினமான பகுதி என்று பலரும் சொல்வார்கள். தொலைக்காட்சியின் பின்னால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், படங்களை இயக்கிக் காட்டும் கோடி என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறேன். எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தான்களும் அதற்குப் போய்ச் சேரும் என்பதால், அம்மா பழைய ரிமோட்டையே அழுத்துகிறார். அந்தப் பக்கம் கணினி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்பாவின் கைப்பேசி ரீசார்ஜோடு ஓடிடி ஒன்று இலவசமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. மதியம் சாப்பிட்ட பிறகு அவர் அதில் பழைய பட்டிமன்றங்கள் பார்க்கிறார், நான் அதில் தலையிடுவதில்லை.