வீட்டிலேயே ராக் பாட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆம்ப் பிளக்-இன்னில் (கணினிக்குள்ளேயே கிட்டார் ஆம்ப் போல ஒலிக்கும் மென்பொருள்) டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பை முழுசாக ஏற்றினாலும் கிட்டார் கொசு ரீங்காரம் மாதிரிதான் வருகிறது. டிரம்ஸ், டைப்ரைட்டர் போல ஒரே அடி. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளும், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்திருக்கிறேன். - செல்லூர் வாசகர்

பதில்: உங்கள் பிளக்-இன்னில் ஆம்ப் இருக்கிறது, ஸ்பீக்கர் பெட்டி இல்லை; கொசு அங்கிருந்துதான் வருகிறது. நிஜ கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பிளக்-இன்னில் அந்த வேலையை கேபினட் ஐ.ஆர். கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்தது) செய்கிறது. இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் பிளக்-இன்னிலேயே அதை ஏற்ற இடம் உண்டு. இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

அடுத்து, டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைப் பாதியாக்குங்கள். கனம் டிஸ்டார்ஷனில் இல்லை, இரண்டு முறை வாசிப்பதில் இருக்கிறது. ஒரே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, தனித்தனியாக இருமுறை பதிந்து, ஒன்றை முழு இடம், மற்றதை முழு வலம் தள்ளுங்கள். ஒரே டேக்கைக் காப்பி எடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டிவிடுங்கள். அது பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரிய இடம்.

உங்கள் டிரம்ஸில் எல்லா அடியும் வெலாசிட்டி, அதாவது அடியின் பலம், உச்சமான 127-இல் இருக்கும். 2, 4-ஆம் தட்டில் விழும் ஸ்னேர் டிரம்முக்கு 110-120, இடையில் வரும் கோஸ்ட் நோட் என்ற மெல்லிய அடிக்கு 30-45, ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலுக்கு 95, 70 என மாற்றி மாற்றிக் கொடுங்கள். டிரம்மருக்குக் கை இரண்டுதான்: கிராஷ் சிம்பலும் ஸ்னேரும் விழும் நொடியில் ஹை-ஹாட் குச்சியடியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: கம்பியைத் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்தே சத்தம் கேட்கிறதே? - திருநகர் வாசகர்

பதில்: நொடிக்கு 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கை) 512 என்றால் ஒரு வழிக்கே 10.7 மில்லிசெகண்ட்; உள்ளே, வெளியே இரண்டுக்கும் சேர்த்தால் விரல் தடுமாறும். 128-க்கு இறக்கினால் 2.7. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரைப் போடுங்கள். சத்தம் படபடவென்று வெடித்தால் டிரம்ஸ் டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள் (ஆடியோவாக மாற்றிக் கணினியின் சுமையைக் குறைப்பது). மிக்ஸிங்கின்போது 1024-க்கே போய்விடலாம். புளூடூத் இயர்போன் கூடவே கூடாது.

கேள்வி: ஆடி மாதம் தெருவெல்லாம் ரேடியோ செட் ஒலிபெருக்கி. பதிவு செய்ய முடியுமா? - வில்லாபுரம் வாசகர்

பதில்: கிட்டார் வயர் வழியே நேராகப் போவதால் கவலையில்லை. குரலுக்கு, முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு டைனமிக் மைக், நாலு விரல் இடைவெளி, மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்க வேண்டும். பாடுபவர் பின்னால் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். அப்படியும் செட் சத்தம் விழுந்தால், அணைத்தபின் பாடுவதுதான் வழி. எந்தப் பிளக்-இன்னும் அதைச் சுத்தமாக எடுக்காது.