ப்ரோ டூல்ஸ் வேலைக்கு எந்தக் கீபோர்டு, எந்த நம்பர் பேட்?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு படுக்கையறை ஃப்ளாட்டில் பெற்றோருடன் இருக்கிறேன். பகலில் அந்தேரியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் அசிஸ்டென்ட் வேலை. இரவில் வீட்டில் மேக்புக் ஏரில் ப்ரோ டூல்ஸ், லாஜிக் என்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் இரண்டையும் வைத்துச் சொந்தப் பாட்டு வேலை பார்க்கிறேன். குரலையும் அதே அறையில்தான் பதிவு செய்கிறேன். ஸ்டுடியோவில் வேகமாக ஓடும் கை வீட்டுக்கு வந்தால் தடுமாறுகிறது. மெக்கானிக்கல் கேமிங் கீபோர்டு வாங்கலாமா? லேப்டாப்போடு தனி நம்பர் பேட் மட்டும் சேர்த்தால் போதுமா? வயர்லெஸ் சரிப்படுமா?

பதில்: உங்கள் கை தடுமாறுவதற்கு லேப்டாப் கீபோர்டின் தரம் காரணமாக இருக்காது. அதில் நம்பர் பேட் இல்லை என்பதுதான் காரணம். ப்ரோ டூல்ஸில் ட்ரான்ஸ்போர்ட், அதாவது ஓட்டுவது, நிறுத்துவது, பதிவு செய்வது முழுவதும் அந்தப் பதினேழு பதினெட்டு கட்டைகளுக்குள் அடங்கியிருக்கிறது. 0 அடித்தால் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். 1 பின்னால், 2 முன்னால், 3 ரெக்கார்டு. 4 லூப் (ஒரே பகுதி திரும்பத் திரும்ப ஓடுவது), 5 லூப் ரெக்கார்டு, 6 குயிக்பஞ்ச் (ஓடும்போதே ரெக்கார்டில் நுழைந்து வெளியேறுவது), 7 க்ளிக் (தாளத் தட்டல்), 8 கவுண்ட் ஆஃப் (தொடங்கும் முன் எண்ணிக் கொடுக்கும் தட்டல்). என்டர் அடித்தால் நிற்கிற இடத்தில் மார்க்கர், அதாவது இட அடையாளம் விழும். புள்ளி, மார்க்கர் எண், மறுபடி புள்ளி என்று அடித்தால் அந்த மார்க்கருக்குப் போய்விடலாம். ஸ்டுடியோவில் உங்கள் விரல்கள் இதையெல்லாம் பார்க்காமலே செய்யப் பழகிவிட்டன.

வீட்டில் அதே 3 என்ற எண்ணைக் கீபோர்டின் மேல் வரிசையில் அடித்துப் பாருங்கள். ரெக்கார்டு ஆகாது. கமாண்ட் ஃபோகஸ் (ஒற்றைக் கட்டையே ஷார்ட்கட்டாக வேலை செய்யும் நிலை) போட்டிருந்தால் மேல் வரிசையின் 1 முதல் 5 வரை ஜூம் அளவுகள். திரை குதிக்கும், அவ்வளவுதான். மேல் வரிசை எண்களும் நம்பர் பேட் எண்களும் மென்பொருளுக்கு வேறு வேறு கட்டைகள். லேப்டாப்பில் மாற்று வழிகள் உண்டு. ஸ்பேஸ் பார் ஓட்டும், எஃப்12 ரெக்கார்டு போடும், ஃபங்ஷனோடு ரிட்டர்ன் சேர்த்து அடித்தால் மேக் அதை நம்பர் பேட் என்டராக எடுத்துக்கொள்ளும். கமாண்டும் ஸ்பேஸும் சேர்ந்தாலும் ரெக்கார்டுதான், ஆனால் மேக்கில் அந்த ஜோடியை ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி பிடித்து வைத்திருக்கும். அதை அமைப்பில் மாற்ற வேண்டும். அவசரத்துக்கு இவை உதவும். தினமும் இரண்டு விதமான பழக்கத்தைக் கைக்குக் கொடுத்தால் இரண்டிலும் வேகம் போய்விடும்.

டப்பிங் வேலைக்கு நம்பர் பேட்டில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது + − கட்டைகள். தேர்ந்தெடுத்த கிளிப்பை (ஒலித் துண்டை) நட்ஜ் அளவுக்கு, அதாவது ஒரு அடிக்கு இவ்வளவு என்று நாம் வைத்த அளவுக்கு, முன்னும் பின்னும் தள்ளுபவை இவைதான். நட்ஜை ஒரு ஃப்ரேம் என்று வைத்தால் விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு அடிக்கு 40 மில்லிசெகண்ட், 24 ஃப்ரேம் படத்தில் ஏறக்குறைய 41.7 மில்லிசெகண்ட் நகரும். ப, ம மாதிரி உதடு ஒட்டும் எழுத்துகளில்தான் பார்ப்பவர் கண் பிசகைப் பிடிக்கும். ஒரு ஃப்ரேம் தள்ளினால் அதிகமாகிறது, தள்ளாவிட்டால் குறைகிறது என்று தோன்றினால் நட்ஜை 10 மில்லிசெகண்டுக்குக் குறைத்துக்கொண்டு + − அடித்து, படத்தில் உதடு மூடும் இடத்தோடு சேரும்வரை கேட்டுப் பாருங்கள். மவுஸால் இழுத்து இந்த நுணுக்கத்துக்கு வருவது கஷ்டம்.

ஆக, நம்பர் பேட் கட்டாயம் வேண்டும். தனியாகவா, சேர்ந்தா? உங்களுக்கு நான் சொல்வது முழு அளவு கீபோர்டு, வயர்டு, நம்பர் பேட் வலப்பக்கத்திலேயே. காரணம் நீங்கள் வேலை பார்க்கும் இடம். ஸ்டுடியோ கீபோர்டு வலப்பக்கம் நம்பர் பேட் வைத்த முழு அளவு கீபோர்டாக இருந்தால் வீட்டிலும் அதே அமைப்பு இருக்கட்டும். அசிஸ்டென்டாக இருக்கும் காலத்தில் இன்னொருவர் மேசையில் உட்கார்ந்த உடனே கை ஓட வேண்டும்.

அடுத்தவர் மேசையில் உட்காரும் வேலை இல்லாதவர்களுக்கு என் பதில் வேறு. நம்பர் பேட் இல்லாத சின்ன கீபோர்டு வாங்கி, தனி நம்பர் பேடை இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். வலது கை மவுஸை விடவே வேண்டாம். நம்பர் பேட் பகுதி போனால் கீபோர்டின் அகலம் எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குறையும், மவுஸ் அந்த அளவுக்கு உடம்புக்குப் பக்கத்தில் வரும். நாள் முழுக்க எடிட் செய்பவர்களின் தோளுக்கு இது பெரிய விஷயம். சின்ன கீபோர்டு என்பதற்காக எஃப் வரிசையே இல்லாத அறுபது சதவீத மாடல்களுக்குப் போய்விட வேண்டாம். எஃப்1 முதல் எஃப்4 வரை எடிட் மோடுகள், எஃப்5 முதல் எஃப்10 வரை டூல்கள். அந்த வரிசையை இழந்து ப்ரோ டூல்ஸ் பார்ப்பது வீண் சிரமம்.

தனி நம்பர் பேட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் கிடைப்பவற்றில் பல, கணக்கர்களுக்காகச் செய்தவை. அதில் 00 அல்லது 000 என்று ஒரு கட்டை இருக்கும். அதை அடித்தால் பூஜ்யம் இரண்டு மூன்று தடவை போகும். ப்ரோ டூல்ஸ் ஓடி, நின்று, மறுபடி ஓடும். சிலவற்றில் பேக்ஸ்பேஸ் கட்டையும் இருக்கும். அது தேர்ந்தெடுத்த கிளிப்பை அழித்துவிடும். டேக் நடுவில் விரல் அதன்மேல் படுவதை நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத, எளிமையான நம்பர் பேடையே தேடுங்கள். மேக்கில் இன்னொரு சிக்கல்: மேக்கில் நம் லாக் (Num Lock) கட்டை கிடையாது, அந்த இடத்தில் க்ளியர் இருக்கும். ஆப்பிள் நம்பர் பேடின் மேல் வரிசை க்ளியர், =, /, * என்று போகும். விண்டோஸ் நம்பர் பேடில் அதே வரிசை நம் லாக், /, *, − என்று போகும். அதாவது + − இருக்கும் இடமே ஒரு கட்டை தள்ளிப்போகிறது. நட்ஜுக்குப் பழகிய கை இதில் கட்டாயம் பிசகும். அந்தேரியில் நீங்கள் தொடுவது ஆப்பிள் கீபோர்டா வேறா என்று நாளைக்கே பார்த்துவிட்டு, அதே அமைப்பில் வாங்குங்கள்.

இனி மெக்கானிக்கல், அதாவது ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் வைத்த கீபோர்டு. ஒரே அறையில் குரல் பதிவு, பக்கத்தில் பெற்றோர் தூக்கம் என்றால் க்ளிக் சத்தம் போடும் ஸ்விட்சுகள், அதாவது நீல நிறத்தவை, வேண்டவே வேண்டாம். கண்டன்ஸர் மைக் அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். பழுப்பு நிற ஸ்விட்சுகளில் ஒரு மெல்லிய தட்டல் விரலுக்குத் தெரியும். சிவப்பில் அதுவும் இல்லை, நேராக இறங்கும். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்ச் 45 சென்டிநியூட்டன் அழுத்தத்தில், சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கியதும் வேலை செய்துவிடும், முழு ஆழம் 4 மில்லிமீட்டர். ஆனால் சிவப்பும் பழுப்பும்கூடச் சத்தம் இல்லாதவை அல்ல. அடியில் மோதும்போதும் திரும்பி மேலே வரும்போதும் தட்டும். ரப்பர் வளையம் மாட்டினால் கீழ் மோதல் மட்டும்தான் குறையும். சைலன்ட் என்று பெயரிட்ட ஸ்விட்சுகளில் இரண்டு பக்கமும் மெத்தை உண்டு. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் அதை வாங்குங்கள். இல்லையென்றால், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண மெம்ப்ரேன் (தனி ஸ்விட்சுகளுக்குப் பதில் மெல்லிய தகடு வைத்த) கீபோர்டே இந்த வேலைக்குத் தாராளம். கேமிங் கீபோர்டின் விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தில் மைக்குக்கு முன்னால் மூச்சுக் காற்றைத் தடுக்கும் நல்ல பாப் ஃபில்டரும் மைக் ஸ்டாண்டும் வாங்கலாம். பாட்டில் கேட்கப்போவது அவைதான்.

சத்தத்தைச் சோதிக்கும்போது எழுத்துக் கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு கீபோர்டில் அதிகம் சத்தம் போடுபவை அகலக் கட்டைகள்: ஸ்பேஸ் பார், என்டர், நம்பர் பேட் 0. அவை சாயாமல் இருக்க உள்ளே ஸ்டெபிலைசர் கம்பி வைத்திருப்பார்கள், அது லொடலொடக்கும். இசை வேலையில் ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் நீங்கள் அடிப்பதே இந்தக் கட்டைகளைத்தான். நீங்களே பாடி நீங்களே பதிவு செய்யும்போது கவுண்ட் ஆஃப் போட்டுக்கொண்டால் தொடக்கத் தட்டல் பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். கடைசி வரி பாடியதும் குரல் அடங்க இரண்டு மூன்று விநாடி விட்டு நிறுத்துங்கள். கீபோர்டுக்கு அடியில் தடித்த டெஸ்க் மேட் ஒன்று போடுங்கள். மைக் ஸ்டாண்டை மேசையில் கவ்வ விடாமல் தரையில் நிறுத்துங்கள், ஏனென்றால் மேசை அதிர்வு ஸ்டாண்ட் வழியாகவே மைக்குக்கு ஏறும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக்கின் முதுகுப்பக்கம் கீபோர்டைப் பார்த்து இருந்தால் இன்னும் குறையும்.

மெக்கானிக்கலில் உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது. லாஜிக்கில் கமாண்டோடு கே அடித்தால் டைப் அடிக்கும் கீபோர்டே வாசிக்கும் கீபோர்டாக மாறும். மிடி கீபோர்டு (கணினியோடு இணைக்கும் இசைக் கீபோர்டு) கையில் இல்லாத ரயில் பயணத்தில் மெட்டுக் குறித்துக்கொள்ள இது நல்ல வசதி. ஏ கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ஏ, டபிள்யூ, டி, எஃப், ஜி, ஒய், ஜே, கே என்று போனால் மாயாமாளவகௌளை ஆரோகணம். ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கும்வரை எந்தக் கீபோர்டும் போதும். கார்டு பிடித்தால்தான் பிரச்சினை. மலிவான மெம்ப்ரேன்களில் சில கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகும். ஏ, டி, ஜி, யு நான்கையும் சேர்த்துப் பிடியுங்கள், அது ஸி செவன்த் கார்டு. நான்கும் கேட்டால் தேறியது. என்-கீ ரோல்ஓவர் (N-key rollover, எத்தனை கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் எல்லாம் பதிவாகும் வசதி) என்று அச்சிட்ட கீபோர்டில் இந்தக் குறை வராது. எது வாங்கினாலும் மென்மையாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி அளவுதான் வரும். பாவம் சேர்க்க மிடி கீபோர்டுதான் வழி.

வயர்லெஸ் வேண்டாம் என்பேன். ப்ளூடூத் கீபோர்டு கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் தூங்கிப்போகும், எழுப்பும் முதல் அடி பல சமயம் தொலையும். பாடகர் மூச்சு இழுத்துத் தயாராக நிற்கும்போது அந்த முதல் அடிதான் உங்கள் ரெக்கார்டு. டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் கொஞ்சம் மேல். ஆனால் யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012ல் விளக்கியிருக்கிறது. பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் கட்டைகள் விட்டு விட்டு வேலை செய்யும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டாங்கிளை ஒரு நீட்சி கேபிளில் தள்ளி வைத்துப் பாருங்கள். உங்கள் மேக்புக் ஏரில் துளைகள் குறைவு என்பது தெரியும். ஒரு துளையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் நேரடியாக, இன்னொன்றில் ஹப், அந்த ஹப்பில் கீபோர்டும் மவுஸும். இதை மாற்றிச் செய்யாதீர்கள்.

மற்ற மென்பொருள்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. க்யூபேஸில் நம்பர் பேட் ப்ரோ டூல்ஸ் அளவுக்கே முக்கியம்: என்டர் ஓட்டும், 0 நிறுத்தும், * ரெக்கார்டு, / சைக்கிள் (லூப்), 1ம் 2ம் இடது வலது லொகேட்டர்களுக்கு, அதாவது குறித்த பகுதியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகும். லாஜிக்கிலும் என்டர், 0, * மூன்றும் அதே வேலைதான் செய்யும். ஆனால் அங்கே ஸ்பேஸும் ஆர் கட்டையும் வைத்தே முழு வேலையும் ஓட்டலாம். லாஜிக்கின் கீ கமாண்ட் அமைப்பில், கட்டையின் இடத்தை வைத்துக் கற்றுக்கொள் என்ற வழியைத் தேர்ந்தால் நம்பர் பேட் 7க்கு ஒரு வேலை, மேல் வரிசை 7க்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுக்கலாம். ஏபிள்டன் லைவ் மட்டும் பயன்படுத்துகிறவர் நம்பர் பேடுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ்காரர்கள் நம் லாக் எரிகிறதா என்று ஒரு கண் வைக்க வேண்டும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு நம்பர் பேட் எண்ணை அடித்தால் விண்டோஸ் அதை அம்புக்குறி, ஹோம், எண்ட் என்று எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்து ஷார்ட்கட் அமையுங்கள்.

வாங்குவதற்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போங்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து. ஆன்லைனில் படம் பார்த்து வாங்குவதைவிட இது நல்லது, ஏனென்றால் இதில் காதும் விரலும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டு மாட்டி, ப்ரோ டூல்ஸ் திறந்து 0, 3, என்டர், +, − ஐந்தும் அதனதன் வேலையைச் செய்கின்றனவா என்று பாருங்கள். நம்பர் பேட் 5ல் விரல் நுனிக்குத் தெரியும் மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வேலை செய்ய அதுதான் அடையாளம். ஷார்ட்கட் படம் போட்ட வண்ணக் கட்டைகளும் ஸ்டிக்கர்களும் உங்களுக்கு வேண்டாம், அவை கண்ணைக் கீழே இழுக்கும். மழைக்காலத்தில் இந்த ஊரின் ஈரமும் கடல் காற்றும் எந்த மின் கருவிக்கும் ஆகாது. வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வையுங்கள். மெக்கானிக்கல் எடுத்தால், ஒரு ஸ்விட்ச் கெட்டால் சால்டரிங் இல்லாமல் பிடுங்கி மாற்றும் ஹாட் ஸ்வாப் ரகமாகப் பார்த்து எடுங்கள்.

விண்டோஸ் கீபோர்டை மேக்கில் மாட்டினால் விண்டோஸ் கட்டை கமாண்டாகவும் ஆல்ட் ஆப்ஷனாகவும் வரும், வரிசை இடம் மாறியிருக்கும். சிஸ்டம் அமைப்பில் கீபோர்டு பகுதியில், மாடிஃபையர் கட்டைகள் என்ற இடத்தில் அந்தக் கீபோர்டுக்கு மட்டும் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு அப்படியே இருக்கும். எஃப் வரிசையை சாதாரண ஃபங்ஷன் கட்டைகளாக வேலை செய்யச் சொல்லும் விருப்பமும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.