வேலை இடத்துச் சமத்துவச் சட்டம்: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

இருபது வருசத்துக்கு மேல யாழ்ப்பாணத்தில கடையள், கொம்பனியளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் குடுத்தனான், லேபர் கந்தோர்ப் படியும் நிறைய ஏறினனான். லோயர் இல்லை. கேக்க முதல் ஒண்டு: நியமனக் கடிதம் கையில இருக்கோ? இல்லாட்டி முதல் அதை வாங்குங்கோ, பிறகு கதைப்பம்.

கே (சுன்னாகம்): அண்ணை, ரெக்கோட் பண்ணுற கடையொண்டில கிளாக்கா நிக்கிறன். மூண்டாவது பிள்ளை. 42 நாள்தான் லீவு எண்டு மனேஜர் சொல்லுறார்.

ப: மனேஜர் பழைய கணக்குச் சொல்லுறார் தங்கச்சி. 2018இல சட்டம் திருத்தியாச்சு, எத்தினையாவது பிள்ளையெண்டாலும் 84 நாள். கடை, கந்தோர்ச் சட்டத்துக்குக் கீழ வாற உங்களுக்கு அது வேலை நாள் கணக்கு, வாராந்த லீவும் போயாவும் (பௌர்ணமி லீவு) அதுக்குள்ள சேராது. கர்ப்பம் எண்டு சொல்லி நிப்பாட்டவும் ஏலாது. லீவுக் கடிதத்தில ரெண்டு கொப்பி அடிச்சு ஒண்டில கையெழுத்து வாங்குங்கோ.

கே (கொக்குவில்): இன்டர்வியூவில "எப்ப கலியாணம், உடன பிள்ளை பெறுற பிளானோ" எண்டு கேட்டினம். வேலையும் தரேல்ல. வழக்குப் போடலாமோ?

ப: இது நல்ல கேள்வி, பதில்தான் நல்லா இல்லை. அரசியல் யாப்பின்ர 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் எண்டு ஒண்டாலும் பாகுபாடு காட்டேலாது எண்டு சொல்லுது. ஆனா அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்தின்ர நிர்வாகச் செயலுக்குத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள்ள உச்ச நீதிமன்றத்தில போடவேணும். தனியார் முதலாளி உங்களை எடுக்காம விட்டா அந்த வழி இல்லை. மாற்றுத்திறனாளியளுக்கு எண்டா 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஆள் எடுக்கேக்கயும் பாகுபாடு காட்டக்கூடாதெண்டு சொல்லுது. உங்களை மாதிரிப் பொம்பிளையளுக்கு, உள்ளுக்க போனாப் பிறகு 84 நாள், அது இது எண்டு எல்லாம் இருக்கு, வாசலில ஒருத்தரும் காவல் இல்லை. அதால முதலாளி செய்யிறது லேசான வேலை, உள்ளுக்கயே விடுறேல்லை. நான் பாத்த ஒரு விண்ணப்பப் படிவத்தில பேருக்கு அடுத்த கட்டமே "மணமானவரா", படிச்ச படிப்பு மூண்டாவது.

கே (கஸ்தூரியார் வீதி): நீங்கள் ஒரு பக்கம்தான் கதைக்கிறியள் அண்ணை. என்ர புடவைக்கடையில பன்ரெண்டு பேர். ஒரு பிள்ளை லீவில போனா அவவுக்கும் சம்பளம், பதிலுக்கு வாறவவுக்கும் சம்பளம். ரெண்டு சம்பளம் ஆர் தாறது?

ப: ஒருத்தரும் தராயினம், முழுக்க உங்கட மடியில இருந்துதான், அதில நீங்கள் சொல்லுறது சரி. ஆனா ரெண்டு எண்டு சொல்லாதேங்கோ, பதிலுக்கு வாறவ உங்களுக்கு வேலை செய்யிறா, அந்தச் சம்பளம் எப்பிடியும் குடுக்கிறதுதான். மேலதிகம் ஒண்டு. சம்பளம் 40,000 எண்டு வையுங்கோ, 84 வேலை நாள் மூண்டரை மாதத்துக்குக் கிட்ட வரும், 1,40,000. முதலாளி கட்டுற ஈபிஎஃப் (சேமலாப நிதி) 12 வீதம், ஈரிஎஃப் (நம்பிக்கை நிதி) 3 வீதம் சேர்த்தா இன்னொரு 21,000. அவ எட்டு வருசம் நிண்டு ரெண்டு பிள்ளை பெத்தா மொத்தம் 3,22,000, மாதத்துக்குப் பிரிச்சா 3,350 மாதிரி. இனி உங்கட பெடியளைப் பாருங்கோ, பாஸ்போட்டை ஏஜென்சியிட்ட குடுத்திட்டுத்தான் வேலைக்கு வாறாங்கள், ஆறு மாதத்தில போட்டு ஓடிடுவாங்கள். அந்தச் செலவை ஆராவது கணக்கில போடுறியளோ?

கே (கஸ்தூரியார் வீதி, திரும்ப): கணக்குச் சரி, ஆனா வந்த முதல் வருசமே லீவு கேட்டா எட்டு வருசத்துக்கு எங்க பிரிக்கிறது?

ப: பிரிக்கேலாது. முன்னூறு பேர் வேலை செய்யிற கொம்பனிக்கு அது தூசு, பன்ரெண்டு பேர் கடைக்கு அது தீபாவளிச் சரக்குக் காசு. அதாலதான் நான் லீவைக் குறை சொல்லாம, காசு வாற வழியைக் குறை சொல்லுறன். இங்கிலாந்தில சின்ன முதலாளி குடுத்த சட்டப்படியான மகப்பேற்றுக் காசை முழுசா, அதுக்கு மேல கொஞ்சமும் சேர்த்து அரசிட்டயிருந்து திருப்பி எடுக்கிறான். இங்கையும் ஈரிஎஃப் மாதிரி ஆம்பிளை பொம்பிளை எண்டு பாராம எல்லாற்ற சம்பளத்திலயும் ஒரு துளி நிதிக்குப் போனா, பொம்பிளையை எடுத்தாச் செலவு எண்ட கதையே எழும்பாது.

கே (கம்பஸ் பெடியன்): அப்ப இப்பிடிச் சட்டங்கள் பொம்பிளையளுக்கே கெடுதல் எண்டுறியளோ?

ப: அவசரப்படாதேங்கோ தம்பி. அமெரிக்காவில எழுபதுகளில சில மாநிலங்கள் மருத்துவக் காப்புறுதியில பிரசவச் செலவும் சேரவேணும் எண்டு சட்டம் போட்டது. ஜொனதன் குரூபர் எண்ட பொருளியலாளர் 1994இல பாத்தா, செலவில பெரும்பகுதி அந்த வயசுப் பொம்பிளையளின்ர சம்பளத்திலதான் வெட்டுப்பட்டிருக்கு, வேலை பெருசாக் குறையேல்ல. மற்றப் பக்கம், 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தெற்கு மாநிலக் கறுப்பினத் தொழிலாளியளின்ர வருமானம் நல்லா ஏறினது. செலவு ஆற்ற தலையில விழுது எண்டு பாராம நல்லது கெட்டது சொல்லேலாது.

கே (மானிப்பாய்): 84 நாளில ஞாயிறு சேருமோ?

ப: முதல் பதில்.

கே (பருத்தித்துறை): வேலை கேக்கப் போனா "எந்தக் கோயிலடி, அப்பா என்ன தொழில்" எண்டு துருவுறாங்கள். ஏன் எண்டு விளங்குது. சட்டம் இல்லையோ?

ப: எல்லாருக்கும் விளங்கும். சாதி பாத்து ஒதுக்கிறதுக்கு எதிரா 1957இல இருந்து சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இருக்கு. ஆனா ஒருத்தனும் "சாதிக்காக எடுக்கேல்ல" எண்டு எழுதித் தரமாட்டான், "இடம் நிரம்பீட்டுது" எண்டுதான் சொல்லுவான். அந்தக் கேள்வியளை நாள், நேரம், கேட்ட ஆள் எண்டு அண்டைக்கே எழுதி வையுங்கோ.

கே (லண்டன்): இஞ்ச வேலையில நிறம் பாத்து என்னைப் பிந்த விட்டிட்டினம்.

ப: 2010 சமத்துவச் சட்டம் பாக்கும், ஆனா வேலை வழக்குக் கேக்கிற ட்ரிபியூனலுக்குப் போக மூண்டு மாதத்தில ஒரு நாள் குறையத்தான் காலம். என்னோட மினக்கெடாம இண்டைக்கே சொலிசிற்றரைப் பிடியுங்கோ.

கே (நல்லூர்): தனியார் கொம்பனியில அப்பாமாருக்கு லீவு?

ப: சட்டத்தில இல்லை. அரச உத்தியோகத்தருக்கு 3 நாள்.

கே (சாவகச்சேரி): என்ர மனுசிக்கு நாலாவது பிள்ளை, 84ஓ 42ஓ?

ப: ஐயோ.

கே (கஸ்தூரியார் வீதி, திரும்பவும்): நியமனக் கடிதம் எப்பிடி எழுதிறது? நான் ஒருத்தருக்கும் குடுத்ததே இல்லை.

ப: பன்ரெண்டு பேருக்குமோ! நாளைக்குப் பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகு கோல் எடுங்கோ.