இரண்டு பிரசவத்துக்குப் பின் தொங்கும் வயிற்றுக்கு ‘டம்மி டக்’ சரிவருமா? எப்போது பழையபடி நடமாடலாம்?

சரிவரலாம். ஆனால் இது வயிற்றை இறுக்கும் அறுவை சிகிச்சை, எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. கர்ப்பத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை உள்ளே தைத்து இறுக்கி, மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பார்கள். முழு மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். தழும்பு அடிவயிற்றில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை இருக்கும். மங்குமே தவிர மறையாது. நம் தோல் நிறத்தில் தழும்பு கருத்துத் தடிப்பதும் உண்டு, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் வாரம்தான் கடினம். நிமிர முடியாமல் குனிந்தே நடப்பீர்கள். நீர் வடிய குழாய் வைத்திருக்கலாம், இறுக்கமான பெல்ட் வாரக்கணக்கில் போட வேண்டும். ஆனாலும் படுத்தே கிடக்காதீர்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க முதல் நாளிலிருந்தே கொஞ்சம் நடக்க வேண்டும். மேசை வேலைக்குப் பலர் 2, 3 வாரத்தில் திரும்புகிறார்கள். ஏறக்குறைய 6 வாரத்துக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது, தேக்கா சந்தையிலிருந்து கனமான பையும் சுமக்கக் கூடாது. அம்மாவோ மாமியாரோ உதவிக்கு வரும் காலமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

கால் வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், உடனே 995-ஐ (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.

புகைப்பவர்களுக்குக் காயம் ஆறுவது கெடும். இன்னொரு குழந்தை எண்ணமிருந்தால் தள்ளிப்போடுங்கள். அழகுக்காகச் செய்தால் மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணம் கிடைக்காது. மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்தானா என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம்.