இறகுபோல இருக்கும் உடம்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உணவு, உறக்கம், நடை பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 51. ஒன்பது ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவந்தேன். சர்க்கரையும் எல்லையில் நிற்பதாகச் சொன்னார்கள். நான்கு மாதங்களுக்கு முன்பு ஓர் உரையைக் கேட்டபின் மாத்திரையை நிறுத்திவிட்டு, உப்பைக் குறைத்து, தினமும் நடக்கிறேன். உடம்பு இறகுபோல இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மாவுச்சத்தைக் குறைப்பது, இடைவெளிவிட்டு உண்பது, முழுத் தாவர உணவு ஆகியவற்றுள் நீண்டகாலத்துக்கு எது சிறந்தது? வாழ்நாள் முழுக்க வேதிப்பொருளை விழுங்கவைக்கும் மருந்து வணிகத்தை நீங்கள் இன்னும் கடுமையாக எழுதக்கூடாதா?

ப.

அன்புள்ள ப.,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்காக அல்லாமல், போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற ஒரு வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். உடம்பு இறகுபோல இருக்கிறது என்கிறீர்கள். இதே சொற்களை என் அண்ணனும் என்னிடம் சொன்னார்.

முதலில் உங்கள் கேள்விகள். மூன்று முறைகளில் எதை உங்களால் பத்தாண்டுகள் சலிப்பில்லாமல் கடைப்பிடிக்க முடியுமோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. அதில் மேலும் விவாதிக்க ஒன்றுமில்லை. மருந்து வணிகம் பற்றி நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. ‘வேதிப்பொருள்’ என்ற அச்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மின், கலேகா என்னும் செடியில் இருந்த ஒரு பொருளைப் பின்தொடர்ந்து சென்றதால் கிடைத்த மருந்து.

உணவின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எடையைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் உடலை இயக்கியவர்களிடம் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 31 விழுக்காடுதான் குறைந்தது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், கடுமையான உணவுத் திட்டத்தின் மூலம் ஓராண்டில் 46 விழுக்காட்டினர் சர்க்கரை நோயின் பிடியிலிருந்து விலகினார்கள். நீங்கள் கேட்ட உரையில் இந்த எண் நிச்சயம் வந்திருக்கும். அடுத்த ஆண்டு அது 36 விழுக்காடாகக் குறைந்தது என்பது வந்திருக்குமா? அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளோடு இரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் மருத்துவக் குழுவினர். தொடர்ந்து அளந்து பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள்.

நீங்களும் நிறுத்தினீர்கள். ஆனால் நான்கு மாதங்களில் ஒருமுறையாவது அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஓர் எண்கூட இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நான் என்ன வாழ்த்துச் சொல்வது?

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது. தலைசுற்றலோ களைப்போ கூடத் தராமல் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் மூளையின் நுண்ணிய நாளங்களையும் சிறுநீரகத்தையும் கண்ணின் விழித்திரையையும் அது தேய்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் நன்றாக உறங்குவீர்கள், நன்றாக நடப்பீர்கள். எடை குறைந்ததாலும் நடப்பதாலும் உடம்பு இலேசாக இருப்பது உண்மையான சுகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. 1997இல் வெளியான டேஷ் ஆய்வில், காய்கறியும் பழமும் கொழுப்பு குறைந்த பால்பொருள்களும் நிறைந்த உணவால் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மேல் எண் சராசரியாக 11 குறைந்தது. உணவால் மட்டும் கிடைத்த இந்தப் பலன் பெரியது. ஆனால் 145இல் இருப்பவரை அது 134க்குக் கொண்டுவரும். 180இல் இருப்பவரை 169இல் நிறுத்தும். இந்த இரண்டு மனிதர்களுக்கும் உடம்பு ஒன்றுபோல இறகாகவே இருக்கும். நீங்கள் இவர்களில் யார்?

உணவை மருத்துவம் அறியாது என்று எண்ணாதீர்கள். நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன் அதனிடம் பெரும்பாலும் உணவும் ஓய்வும்தான் இருந்தன. 1944இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 186/108 என்று அளந்த மருத்துவர், உப்பைக் குறைக்கவும் எடையைக் குறைக்கவும் ஓய்வெடுக்கவும் சொன்னார். இதயத்துக்கு ஒரு மருந்தும் தந்தார், ஆனால் அழுத்தத்தைக் குறைக்க அவரிடம் தகுந்த மாத்திரை இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து ரூஸ்வெல்ட் இறந்தார். அவருடைய வயது 63.

என் அண்ணனுக்கு 54. மாத்திரையை நிறுத்தி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. முதல் நாள் மாலை என்னோடு ஆறு கிலோமீட்டர் நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ‘உன்னைப் பார்த்து நானும் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வலக்கை விழுந்தது. என் பெயரைச் சொல்ல முயன்றார், வரவில்லை. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இடக்கையால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார், பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அவரைப் பாராட்டிய நான் ஏழு மாதங்களில் ஒருமுறைகூட ‘எண் என்ன?’ என்று கேட்கவில்லை. உணவைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் இதை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவற்றைப் படித்துவிட்டா நீங்கள் இப்படிச் செய்தீர்கள் என்பதே இரண்டு நாட்களாக என்னை அறுக்கிறது.

ஆகவே கோபத்தோடும் அன்போடும் சொல்கிறேன். நாளையே மருத்துவரிடம் செல்லுங்கள். மீதமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகவே தொடங்கவும் வேண்டாம். நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்தானது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், காலையும் மாலையும், ஒரு வாரத்துக்கு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் நன்றாக இருந்தால் மருந்தைக் குறைக்கவோ விடவோ மருத்துவரிடமே கேளுங்கள். அப்படி விட்டவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். நடையையும் உப்புக் குறைப்பையும் எந்த நிலையிலும் விடாதீர்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன், இன்றிரவே, வீட்டில் சொல்லிவிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ கை தளர்ந்தாலோ நாக்கு குழறினாலோ உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர்கள் அவர்கள்தான். நீங்கள் எதை நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது உங்களால் பேச முடியாமல் போகலாம்.