கடும் நோயுள்ள வளர்ப்புக் குழந்தையைக் கவனிக்கும் குடும்பத்துக்குச் சபை என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் உங்கள் சபைத் தம்பதி கடும் நோயுள்ள குழந்தை ஒன்றை அரசு ஒப்படைப்பின் பேரில் வளர்க்கிறார்கள், ஜெபத்தைத் தவிர என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவர்கள் தூங்கி ஓய்வெடுக்க வழி செய்யுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஹெலன் ஹவுஸ் அப்படித்தான் பிறந்தது. மூளைக் கட்டியால் முடங்கிப்போன சிறுமி ஹெலனை, ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரி பிரான்சிஸ் டொமினிகா அவ்வப்போது தம் மடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பெற்றோருக்கு ஓய்வு கொடுத்தார். அதிலிருந்து 1982-இல் உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், அதாவது உயிரைக் குறைக்கும் நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம், எழுந்தது. இத்தகைய இல்லங்கள் சில நாள் ஓய்வுக்காகவும் குழந்தைகளை ஏற்கின்றன. சமூகப் பணியாளர் மூலம் கேட்கலாம்.

வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வலியும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்திடும் உரிமை பொதுவாக அவர்களுக்கு இல்லை. பெற்றவர்களிடமோ உள்ளாட்சி மன்றத்திடமோ இருக்கும். இரவெல்லாம் உணவுக் குழாயைக் கவனித்த தாய், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வேறொருவர் கையெழுத்துக்காகக் காத்திருப்பார். அப்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். திக்கற்ற பிள்ளைகளை ‘விசாரிக்க’ச் சொல்கிறது யாக்கோபு 1:27, நேரில் போகாமல் விசாரிப்பு ஏது?

ஜெபக் குறிப்பில் மட்டும் குழந்தையின் பெயரும் படமும் வேண்டாம்.